அவசரம்: விபிஎன் போடவே இல்லை, "விபிஎன்னை அணைக்கவும்" என்று தளம் திறக்க மறுக்கிறது

மாங்கூழ்_காவேரிப்பட்டணம்:
வணக்கம். வெளிநாட்டு வாடிக்கையாளரின் தளத்தில் இன்று மாலைக்குள் ஆய்வக அறிக்கையை ஏற்றியாக வேண்டும். பெங்களூரா மாங்கூழ், பிரிக்ஸ் (சர்க்கரை அளவு), புளிப்பு அளவு எல்லாம் தயார். தளத்தைத் திறந்தால் "விபிஎன் அல்லது பிராக்ஸியை அணைத்துவிட்டு வரவும்" என்று மட்டும் வருகிறது. போன வாரம் வரை திறந்தது. குக்கீ அழித்தும் பார்த்துவிட்டேன். நாளை கன்டெய்னர் கிளம்புகிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

பாலக்கோடு_தக்காளி:
ஃபைபரா, சிம்மா? எந்த பிரவுசர்? போன் ஹாட்ஸ்பாட்டில் முயன்றீர்களா?

ஊத்தங்கரை_நெட்:
பிரவுசர் எக்ஸ்டென்ஷனைப் பாருங்கள். விளம்பரத்தைத் தடுப்பதாகச் சொல்லி உள்ளே பிராக்ஸி வைத்திருப்பார்கள். நான் பார்த்தவரை எப்போதும் இதுதான்.

பழைய_மோடம்:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது. கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, அடிப்படையைச் சொல்கிறேன். விபிஎன், பிராக்ஸி இரண்டுமே உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடுபவை. உங்கள் கணினிக்குள் விபிஎன் இருக்கிறதா என்று தளம் எட்டிப் பார்ப்பதில்லை. வந்த ஐபி (இணைய முகவரி) யாருடையது என்றுதான் முதலில் பார்க்கும். ஏஎஸ்என் எண்ணை (ஒவ்வொரு நிறுவனத்தின் வலையமைப்புக்கும் தரப்படும் எண்) வைத்தே, அது வீட்டு இணைப்பு தருபவருடையதா, சர்வர் வாடகைக்கு விடுபவருடையதா என்று தெரிந்துவிடும். அப்புறம் ஐபி காட்டும் நாடும் பிரவுசரின் நேர மண்டலமும் ஒத்துப்போகிறதா, வெப்ஆர்டிசி (பிரவுசரின் நேரடி அழைப்பு வசதி) வழியாக வேறு ஐபி கசிகிறதா என்று பார்ப்பார்கள். பாக்கெட் அளவும் காட்டிக்கொடுக்கும்: சாதாரணமாக 1500 பைட், வயர்கார்டு என்ற விபிஎன் வகையில் 1420.

பாலக்கோடு_தக்காளி:
அண்ணா, அவர் விபிஎன்னே போடவில்லை என்கிறார். 1420ஐ வைத்து அவர் என்ன செய்வார்?

மாங்கூழ்_காவேரிப்பட்டணம்:
உள்ளூர் கேபிள்காரரின் ஃபைபர், குரோம். எக்ஸ்டென்ஷன் எதுவும் இல்லை. ஹாட்ஸ்பாட்டில் திறந்தது, அறிக்கையை ஏற்றிவிட்டேன்! ஆனால் ஆலைக்குள் சிக்னல் நிற்காது, சீசன் முழுக்க இப்படி ஓட்ட முடியாது.

அரூர்_கம்பி:
அப்படியானால் கோளாறு கணினியில் இல்லை, ஐபியில்தான். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN) ஐபி, அதாவது ரூட்டருக்குக் கேபிள்காரர் தந்த முகவரி, என்ன என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் சிஜிநாட். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் போதாததால் ஒரே பொது ஐபியில் பல வீடுகளைச் சேர்த்துவிடுவார்கள். 2012இல் அந்தத் தொகுதியை ஒதுக்கியதே இதற்காகத்தான். அதில் ஒரு வீட்டில் தப்பான செயலி இருந்தாலும் எல்லோருக்கும் கெட்ட பெயர். சில இலவச விபிஎன்கள் உங்கள் இணைப்பையே இன்னொருவருக்கு வெளிவாசலாக விற்றுவிடும். எங்கோ இருப்பவன் செய்வதெல்லாம் உங்கள் ஐபி பேரில் போகும். அப்புறம் பிராக்ஸி என்று பட்டியலில் ஏறிவிடும். நான் கேபிள் வேலை பார்ப்பவன், மலிவு டிவி பெட்டிகளில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஆளே இல்லாத நேரத்திலும் ரூட்டர் விளக்கு ஓயாமல் மின்னிக்கொண்டிருக்கும். உங்கள் ஆலையில் அப்படி ஏதாவது பெட்டி இருக்கிறதா?

ஊத்தங்கரை_நெட்:
இந்தியாவில் விபிஎன்னே தடைதானே? அதனால்தான் இவ்வளவு தொல்லை.

பழைய_மோடம்:
தவறு. 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவு, விபிஎன் நிறுவனங்களை வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்கச் சொன்னது. அதற்கு உடன்படாமல் எக்ஸ்பிரஸ்விபிஎன் போன்றவை இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அதைத் தடை என்று சொல்லக் கூடாது.

ஊத்தங்கரை_நெட்:
ஜம்மு காஷ்மீரில் தடை போட்டார்களே?

பழைய_மோடம்:
அது அந்தந்த மாவட்ட நிர்வாகத்தின் தற்காலிக உத்தரவு. படித்துவிட்டுப் பேசவும்.

அரூர்_கம்பி:
இரண்டு பேரும் தனி இழை போட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஒருவருக்கு வேலை நிற்கிறது.

மாங்கூழ்_காவேரிப்பட்டணம் (4 நாள் கழித்து):
வான் ஐபி 100.71 என்றுதான் இருந்தது. வாட்ச்மேன் அறை டிவி பெட்டியில் இலவச விபிஎன் இருந்தது, எடுத்தாச்சு. மாதம் கொஞ்சம் கூடுதலாகக் கட்டி கேபிள்காரரிடம் தனி ஐபியும் வாங்கிவிட்டேன். தளம் திறக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

அரூர்_கம்பி:
நல்லது. பெட்டியை எடுத்ததுமே திறந்ததா, தனி ஐபி வந்த பிறகுதானா? பழைய ஐபியில் இன்னும் பல வீடுகள் இருக்கும். காரணம் வேறொரு வீடு என்றால் கேபிள்காரரிடம் சொல்லியாக வேண்டும்.