வன்னி வெக்கையில் ரொக் உடுப்பு: தடிச்ச டெனிம் தைக்கிற ஆள் வேணும்

வணக்கம் உறவுகளே. எழுபதுகளின் ரொக் பாணியில், ஒன்றோடொன்று மாற்றிப் போடக்கூடிய மாதிரி 11 உருப்படி மட்டும் சேர்க்கிறேன்: கறுப்பு ஜீன்ஸ் 2, நீலம் 1, ரீசேட் 4, கட்டம் போட்ட பருத்திச் சேட் 2, கையில்லாத டெனிம் ஜக்கெற் 1, கறுப்பு பூட்ஸ் 1 சோடி.

இந்தப் பாணியின் அடையாளமே சாய்ந்த சிப் வைத்த லெதர் ஜக்கெற்தான். 1928இல் நியூயோர்க்கில் ஷொட் நிறுவனம் மோட்டார் சைக்கிள்காரருக்காகத் தைத்தது. கிளிநொச்சி வெயிலில் அதைப் போட ஏலாது. மலிவான ரெக்சினும் வேண்டாம். வெக்கையும் மாரி ஈரமும் பட்டால் மேல்பூச்சு கழுத்துப் பட்டியில் தொடங்கிச் செதிள் செதிளாக உரியும், பிறகு ஒட்ட வழியே இல்லை. அதனால்தான் டெனிம்.

உதவி இங்கேதான். ஜக்கெற் கையைத் தோள் தையலுக்கு வெளியே அரை அங்குலம் விட்டு வெட்டி, ஓரத்துக்கு உள்ளே ஒரு வரி அடிக்க வேணும். தையலோடு ஒட்ட வெட்டினால் தோய்க்கத் தோய்க்கத் தோள் பிரியும். மடிப்புகள் சேருமிடத்தில் 14ஆம் நம்பர் ஊசி முறியுது, இல்லாட்டி தையல் விட்டு விட்டு விழுது. 18ஆம் நம்பர் ஊசியும் தடிச்ச நூலும் வைத்திருக்கிற தையல்கடை பரந்தன், கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் எங்கே இருக்கு?

மற்றது, கிணற்றுத் தண்ணியின் கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து கறுப்பில் வெள்ளையாகப் படியுது. உள்பக்கம் திருப்பித் தோய்த்து நிழலில் காயவிட்டும் முழங்கால் மடிப்பில் சாம்பல் கோடு. கடைசி அலசலை மழைத்தண்ணியில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கோ.