நினைத்ததெல்லாம் நடந்துவிட்டது, அப்புறம் ஏன் ஒன்றுமே தோன்றவில்லை?

பின்_பொத்தான் கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 41. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் 17 வருடம். போன மாதம் அலமாரியை ஒழிக்கும்போது 2014-ல் எழுதிய ஒரு நோட்டு கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் ‘நாற்பதுக்குள்’ என்று தலைப்புப் போட்டு ஐந்து வரி. மேனேஜர் பதவி, சொந்த வீடு, கல்விக்கடனை அடைப்பது, ஒரு வெளிநாட்டுப் பயணம், மேடையேறி ஒரு தடவையாவது பேசுவது. ஐந்தும் நடந்துவிட்டன. பேனாவை எடுத்து ஐந்துக்கும் டிக் போட்டேன். நோட்டை மூடிப் பழைய பேப்பர் கட்டோடு வைத்தேன். பத்து நிமிடம் கழித்துப் போய்த் திரும்ப எடுத்து வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

குறை சொல்ல வரவில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனால் பதவி உயர்வு மெயில் வந்த அன்று என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதே நினைவில்லை. 2016-ல் ஒரு பக்-ஐ (மென்பொருளில் இருக்கும் பிழை) பிடித்தது மட்டும் நேற்று நடந்த மாதிரி இருக்கிறது. பணம் கட்டும் திரையில் சிலருக்கு மட்டும் இரண்டு தடவை பணம் போய்க்கொண்டிருந்தது. டெவலப்பர்கள் ‘எங்கள் மெஷினில் வரவில்லை’ என்று மூன்று முறை டிக்கெட்டை, அதாவது நான் பதிவு செய்த புகாரை, மூடிவிட்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம்தான் பிடிபட்டது. பணம் போன பிறகு ரசீது வருவதற்கு முன்னால் ஒரு இரண்டு நொடி இருக்கிறதே, அதற்குள் முந்தைய திரைக்குத் திரும்பும் பின் பொத்தானை அழுத்தினால் மறுபடி பணம் போகிறது. ஐந்து தடவை செய்து பார்த்தேன், ஐந்து தடவையும் வந்தது. எழுந்து சும்மா ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்போது என் வேலை 14 பேர் கண்டுபிடிக்கும் பக்-களை எண்ணுவது. (போன காலாண்டில் ஆளுக்கு மாதம் 20 என்று இலக்கு வைத்தேன். ஒரே பக்-ஐ மூன்றாக உடைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அது தனிக் கதை.)

அடுத்த பத்து வருடத்துக்கு ஒரு பக்கம் எழுதலாம் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. வெற்றி என்றால் இதுதான் என்று உங்களுக்கென்று ஏதாவது வைத்திருக்கிறீர்களா? தத்துவம் வேண்டாம், தயவுசெய்து. நிஜமாகவே கடைப்பிடிப்பதைச் சொல்லுங்கள்.

பழைய_கணக்கன்:

அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே, அது தனிக் கதை இல்லை அம்மா. அதுதான் கதையே.

சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் 1975-ல் பணக்கொள்கையைப் பற்றி எழுதும்போது ஒன்றைச் சொன்னார். இன்று எல்லாத் துறையிலும் அதைச் சொல்கிறார்கள். எதை வைத்து அளக்கிறோமோ அதையே இலக்காக்கிவிட்டால், அது அளவுகோலாக இருக்கும் தகுதியை இழந்துவிடும். பக் எண்ணிக்கை நல்ல வேலைக்கு ஓர் அடையாளமாக இருந்தது. நீங்கள் 20 என்றதும் அடையாளத்தை உற்பத்தி செய்ய ஆரம்பித்தார்கள். உங்கள் நோட்டில் இருக்கும் ஐந்து வரியும் அப்படித்தான். மேனேஜர் பதவி, நல்ல டெஸ்டர் என்பதற்கு ஓர் அடையாளம். அதைத் துரத்திப் பிடித்தீர்கள், டெஸ்டிங் கையை விட்டுப் போய்விட்டது.

நான் ஆடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், 33 வருடம். ஆரம்பத்தில் வருடக் கடைசியில் டைரியில் இரண்டு எண் எழுதுவேன், கட்சிக்காரர்கள் எத்தனை, வருமானம் எவ்வளவு. இரண்டும் ஏறிக்கொண்டே போயின. ஒரு வருடம் ஒரு கம்பெனிக் கணக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கமில்லை. சரக்கு இருப்புப் பட்டியலை நான் பார்க்கவே இல்லை, ஜூனியர் பார்த்ததாகச் சொன்னான், அவ்வளவுதான். தப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மறுநாள் அந்த இரண்டு எண்ணையும் டைரியிலிருந்து எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரே கேள்விதான்: கையெழுத்துப் போட்டதையெல்லாம் நானே பார்த்தேனா? பதில் ஆம், இல்லை, அவ்வளவே. எண் என்று ஒன்று இருந்தால் அதை ஏமாற்ற என் மூளைக்கு நன்றாகத் தெரியும். தொழிலே அதுதானே.

கட்சிக்காரர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வீட்டில் கொஞ்ச நாள் முணுமுணுப்பு இருந்தது.

மூன்றாம்_பெஞ்ச்:

பின்தொடர்கிறேன். ஏன் ஒன்றும் தோன்றவில்லை என்பதற்கு மட்டும் ஒரு தகவல். 1978-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் பெரிய லாட்டரி விழுந்த 22 பேரிடம் கேட்டார்கள். மற்றவர்களை விட அவர்கள் பெரிதாக ஒன்றும் சந்தோஷமாக இல்லை, அன்றாடச் சின்ன விஷயங்களில் கிடைக்கும் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. 22 பேர்தான் என்பதால் அப்படியே நம்பிவிடாதீர்கள்.

கோர்ட்_ஓரம்:

நான் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுக்கிறவன். ஜான் வுடன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1934-ல், பள்ளி ஆசிரியராக இருந்தபோதே, வெற்றிக்கு ஒரு வரையறை எழுதிவைத்தார். பெற்றோர்கள் மார்க்கை வைத்தே பிள்ளைகளை அளப்பது பிடிக்காமல் எழுதியது. தன்னால் முடிந்த அளவுக்கு முயன்றோம் என்று தெரிந்த மனநிம்மதிதான் வெற்றி என்பது அதன் சாரம். 1948-ல் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழக அணிக்கு வந்தார், முதல் தேசியப் பட்டம் 1964-ல்தான் கிடைத்தது. 1975-க்குள் 10 பட்டம். சீசன் தொடக்கத்தில் சாக்ஸை மடிப்பில்லாமல் போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பாராம், மடிப்பு இருந்தால் கொப்புளம் வரும். நானும் அதைச் செய்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கொப்புளம் குறைந்திருக்கிறது.

மூடிய_ஷட்டர்:

கோச் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் 10 பட்டம் வாங்கியதால்தான் அவர் சொன்னது நம் காதுவரை வந்தது. அதே நிம்மதியோடு ஒரு பட்டமும் வாங்காமல் போனவர்கள் சொன்னதை யார் கேட்டார்கள்?

நானும் நண்பனும் அச்சகம் நடத்தினோம், 6 வருடம். முதல் நாளே எழுதிக்கொண்டோம், கடன் வாங்கிச் சம்பளம் கொடுக்கும் மாதம் மூன்று வந்தால் மூடிவிடுவது என்று. மூன்றாவது மாதம் வந்தபோது ‘இது சீசன் இல்லாத மாதம், இதைச் சேர்க்கக்கூடாது’ என்றோம். அடுத்ததற்கு வேறு காரணம். அப்படிக் கடன் வாங்கியே மொத்தம் 11 மாதம் ஓட்டினோம். உழைப்பில் குறை வைக்கவில்லை, ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிங் மெஷின் பக்கத்தில் பேப்பர் கட்டு மேலேயே தூங்கியிருக்கிறேன். உங்கள் வரையறைப்படி நான் ஜெயித்தவன். ஆனால் வேலை பார்த்த நாலு பேருக்குக் கடைசி மாதச் சம்பளத்தைக் கொடுத்து முடிக்க எட்டு மாதம் ஆனது. அதில் ஒருவர் இன்றும் என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்.

இப்போது வேறு தொழில். எங்கே நிறுத்துவது என்பதைத் தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். தளர்த்தவேண்டும் என்றால் அவளிடம்தான் போய்க் கேட்கவேண்டும். ஒரு தடவை போனேன். முடியாது என்றுவிட்டாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

கோர்ட்_ஓரம்:

கோபமெல்லாம் இல்லை. பிள்ளைகள் தோற்றால் சாயங்காலத்தோடு போச்சு, அடுத்தவர் சம்பளம் அதில் மாட்டுவதில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

பின்_பொத்தான்:

எல்லோருக்கும் நன்றி. கணக்கன் ஐயா முடிச்சுப் போட்டது இரண்டு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. திங்கட்கிழமை போய் அந்த 20-ஐ எடுத்துவிட்டேன். மேலே கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கவில்லை.

புதிய பக்கத்தில் ஐந்து வரி வரவில்லை, ஒன்றுதான் வந்தது: இந்த வாரம் நானே கைப்பட எதையாவது டெஸ்ட் செய்தேனா? ஷட்டர் அண்ணன் சொன்ன மாதிரி எல்லையும் போட்டேன். தொடர்ந்து ஆறு வாரம் ‘இல்லை’ என்று வந்தால், பதவியை விட்டு இறங்கிப் பழைய வேலையைக் கேட்பது. தாளைத் தங்கையிடம் கொடுத்தேன். படித்தாள். ‘உனக்கு எதற்கு ஆறு?’ என்று அடித்துவிட்டு நாலு என்று எழுதிக்கொண்டாள்.

முதல் வாரம் முடிந்தது. இல்லை.