பாண்டியிலிருந்து செஞ்சி வரை: ஒண்டியாய் ஒரு சைக்கிள் நாள்

ஜெர்சி போட்டுக்கொண்டு பத்துப் பேர் வரிசையாகப் போனால், ஏதோ ரேலி என்று நினைத்து ஊர்ச்சனம் கை காட்டிவிட்டு நகர்ந்துவிடும். ஒண்டியாகப் போனால்தான் நிறுத்தி விசாரிப்பார்கள். அதுவும் நாற்பது தாண்டிய பொம்பளை ஹெல்மெட்டும் கூலிங் கிளாஸுமாக மிதித்துக்கொண்டு போனால் கேட்கவே வேண்டாம். செஞ்சி போய் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமையில் நான் பார்த்த இடங்களை விட, என்னை நிறுத்திய ஆட்கள்தான் ஞாபகத்தில் இருக்கிறார்கள். அதனால் அவர்களைப் பற்றியே எழுதுகிறேன்.

ஏன் செஞ்சி என்றால், பாண்டியில் மேடு கிடையாது. கோரிமேடு, ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஏற்றம், அதுவும் இல்லையென்றால் மேம்பாலம். அவ்வளவுதான் நம் மலை. இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. 1750-ல் செஞ்சிக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1761 வரைக்கும் அதை வைத்திருந்தார்கள். இந்தத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம், இத்தனை எடையை எந்த வழியாக இழுத்து வந்திருப்பார்கள் என்று ஒரு யோசனை ஓடும். நம்மால் வெறும் உடம்பையாவது அங்கே கொண்டு போக முடிகிறதா பார்ப்போம் என்று கிளம்பினேன். போக வர 140 கிலோமீட்டருக்குக் குறையாது.

ஐப்பசி. நாலைந்து நாள் விடாமல் அடித்த மழை ஓய்ந்து வானம் வெளுத்திருந்தது. நம் ஊரில் சைக்கிளுக்கு இதுதான் நல்ல காலம், மழையோடு ஒத்துப்போகத் தெரிந்தால். வெயில் ஏறாது, ஏரியெல்லாம் தளும்பும், ரோட்டோரப் புல் முட்டி உயரம் நிற்கும். இருட்டோடு கிளம்பி சேதராப்பட்டு தாண்டும்போது விடிந்தது. அங்கே கம்பெனி வாசல் நாய்கள் கூட்டமாக வந்தன. வேகமாக மிதித்துத் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். இறங்கி, நமக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்துக்கொண்டு பத்தடி நடந்தால் அதுவே சலித்துப்போய்ப் படுத்துக்கொள்ளும்.

திருவக்கரை பக்கம் ஜல்லி லாரிகளின் ராஜ்ஜியம். கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் தேசியக் கல்மரப் பூங்கா இங்கேதான் இருக்கிறது. மரங்களின் வயது சுமார் 2 கோடி ஆண்டு. நான் போன நேரத்துக்கு அது திறக்கவில்லை. எதிரே நின்ற லாரியிலிருந்து டிரைவர் எட்டிப் பார்த்து, "எங்கம்மா போவணும்?" என்றார். செஞ்சி என்றேன். "மயிலம் வரைக்கும் ஏத்திக்கோ, வண்டி காலியாதான் போவுது" என்று கிளீனரை இறங்கச் சொல்லிவிட்டார். சும்மா ஆசைக்குத்தான் ஓட்டுகிறேன் என்று புரியவைக்கப் போதும் போதும் என்றாகிவிட்டது. கடைசியில் என் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இந்த ரோட்டில் லாரிகளைப் பார்த்தால் பயந்துதான் ஒதுங்குவேன். இப்போதும் ஒதுங்கத்தான் ஒதுங்குகிறேன், முன்பு மாதிரி மனசுக்குள் திட்டுவதில்லை.

மயிலம் ஏறக்குறைய பாதி வழி. முருகன் கோவில் சின்னக் குன்றின் மேல்தான் இருக்கிறது, ஆனாலும் சமவெளியில் பழகிய காலுக்கு அந்த ஏற்றம் போதும். கடைசி கியரில் போட்டு நாக்குத் தள்ள ஏறி நின்றதும், பூக்கடை அம்மா பார்த்துவிட்டார்.

"புது வண்டியாம்மா? பூசை போடலையா?"

பழசுதான் என்றேன்.

"பழசா இருந்தா இன்னா, ரோட்டுல தானே போவுது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஹேண்டில் பாரில் ஒரு முழம் சாமந்தி சுற்றினார், மட்கார்டு இல்லாததால் டயருக்கு மேலே ஃபோர்க்கில் சந்தனம் குங்குமம் வைத்தார், முன் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து "ஏத்துமா" என்றார். இங்கேதான் சிக்கல். என் டயர் விரல் அகலம்தான் இருக்கும். ஏற்றினால் பழம் நசுங்காமல் வழுக்கிச் சரிவில் உருண்டு ஓடுகிறது. கடைப் பையன் துரத்திப் பிடித்து வந்து திரும்ப வைக்கிறான், திரும்ப ஓடுகிறது. கும்பிட வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர், "பழத்தை அறுத்து வைடா" என்றார். அப்படி வைத்ததும்தான் வேலை ஆயிற்று. பூவுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார் அந்த அம்மா.

கூட்டேரிப்பட்டில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையைக் கடந்து உள்ளூர் ரோடுகளில் புகுந்துவிட்டேன். இருபுறமும் சம்பா நடவு, மேட்டு நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, நடுவில் சவுக்குத் தோப்பு. வழியில் டீ குடித்த கடையில் சைக்கிள் விலை கேட்டார்கள். இந்தக் கேள்விக்கு நான் உண்மை சொல்வதே இல்லை. எட்டாயிரம் என்றேன். அப்புறம் தீவனூரில் நிறுத்தினால், அங்கே இருக்கும் சாமியின் பெயர் பொய்யாமொழி விநாயகர். மிளகு மூட்டையை உளுந்து என்று பொய் சொன்ன வியாபாரிக்கு மிளகெல்லாம் உளுந்தாகவே மாறிப்போனது என்பது அந்தக் கோவில் கதை. என் சைக்கிள் எட்டாயிரத்துக்கு மாறிவிடாமல் இருக்க வேண்டும் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். அதுதான் அந்த நாளில் எனக்கு முக்கியம்.

தீவனூருக்கு முன்னால் ஓரிடத்தில் சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. வயலோரம் பம்புசெட் கொட்டகை. உள்ளே ஏற்கனவே நடவுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு, முழங்கால் வரைக்கும் சேறு. நகர்ந்து இடம் விட்டார்கள். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்தவர் கேட்டார்: "ஒண்டியாவா வந்த?"

ஆமாம்.

"பாண்டிலேர்ந்தா? சைக்கிள்லியா?"

ஆமாம்.

"வூட்ல எதனா சண்டையா கண்ணு?"

இல்லை என்று சொன்னதை அவர்கள் நம்பவில்லை. "சண்டைன்னா சொல்லு, பரவால்ல" என்று இன்னொருவர் தைரியம் கொடுத்தார். லீவு நாளில் ஒருத்தி சும்மா இவ்வளவு தூரம் வருவதற்கு வேறு காரணம் இருக்க முடியாது என்று அவர்களுக்குள் முடிவாகிவிட்டது. எனக்கும் மறுக்க அலுப்பாக இருந்தது. தூக்குச் சட்டியிலிருந்து பழைய சோறும் மோர்மிளகாயும் கொடுத்தார்கள். என் பையிலிருந்த கடலை மிட்டாயை எடுத்து நீட்டினேன். ஒருவர் என் சீட்டை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்து, "இந்த ஒல்லி சீட்டுல எப்பிடி குந்திகினு வர?" என்றார். நியாயமான கேள்வி. அறுபது கிலோமீட்டர் நெருங்கும்போது நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தில் சின்னவளாக ஒருத்தி, இருபத்தைந்து வயது இருக்கலாம், பேசாமல் கியர் லிவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டத் தெரியுமா என்றேன். "பிளஸ் ஒன்ல கவர்மெண்டு சைக்கிள் குடுத்தாங்க. மூணு கிலோமீட்டர், தெனம் அதுலதான் போவேன்" என்றாள். இப்போது? "கல்யாணத்துக்கப்புறம் தம்பிக்குக் குடுத்துட்டேன்."

மழை தூறலாக இறங்கியதும் சைக்கிளை அவளிடம் கொடுத்தேன். மாட்டேன் மாட்டேன் என்றவளை மற்றவர்கள்தான் பிடித்துத் தள்ளினார்கள். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றுக் காலோடு ஏறினாள். முதல் இரண்டு மிதிப்பில் தள்ளாடியது. பெரிய கியரில் கிடந்தது போல. வலது லிவரைத் தட்டு என்று கத்தினேன். செயின் 'கடக்' என்று இறங்கியதும் கால் தானாக ஓடத் தொடங்கியது. ரோட்டில் எதிர்ப் பனைமரம் வரைக்கும் போய், திரும்பி, கொட்டகையைத் தாண்டி மறுபக்கமும் ஒரு நடை போனாள். "அடியே, அப்டியே பாண்டிக்குப் பூடாத" என்று மூத்தவர் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். இறங்கும்போது அவளுக்கு மூச்சு வாங்கவில்லை. எனக்கென்றால் வாங்கியிருக்கும். "கவர்மெண்டு சைக்கிள் கனம். இது காத்தாட்டம் போவுது" என்று மட்டும் சொன்னாள். பெடலில் ஒட்டியிருந்த சேற்றைச் சட்டை முனையால் துடைத்துக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை.

செஞ்சி நெருங்க நெருங்க, பாறைக் குவியல்கள் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் எழும்ப ஆரம்பிக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் மதில் கட்டி இணைத்த கோட்டை. ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். 1677-ல் சிவாஜி பிடித்தது, அவர் மகன் ராஜாராம் உள்ளே இருந்துகொண்டு 1698 வரை முகலாயப் படையை அலையவிட்டது, 1714-ல் தேசிங்கு ராஜா செத்தது என்று கதைக்குக் குறைவில்லை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். நான் மேலே ஏறவில்லை. எழுபது கிலோமீட்டர் மிதித்த தொடையை வைத்துக்கொண்டு அத்தனை படி ஏறி, திரும்ப எழுபது மிதிப்பது என் வேலை இல்லை. கோட்டைக்குள் அடிவாரத்தில் இருக்கும் கல்யாண மகால் வரைக்கும் நடந்து பார்த்துவிட்டு வந்தேன்.

அதற்குள் குரங்கு ஹேண்டில் பையின் ஜிப்பைத் திறந்து வாழைப்பழத்தைத் தூக்கியிருந்தது. ஜிப்பைக் கிழிக்கவில்லை, திறந்திருக்கிறது. ரோட்டோரம் சீத்தாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்த பாட்டிதான் கோலால் விரட்டி மற்றதைக் காப்பாற்றியவர். இந்த மாதங்களில் செஞ்சிக் குன்றுகளில் விளைகிற பழம் அது. கண் விரிந்த பழமாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தார். உள்ளங்கையில் வைத்து லேசாக அமுக்கினாலே பிளந்துகொள்கிறது, ஒவ்வொரு சுளைக்கும் ஒரு கறுப்பு விதை, பல்லில் நெறுநெறுவென்று சர்க்கரை. ரோட்டோரம் குந்தியபடி மூன்றைத் தின்று தீர்த்தேன். பத்திரமாகக் கொண்டுபோக ஆசைப்பட்டு வாங்காதீர்கள், சைக்கிள் குலுக்கலில் பாயசமாகிவிடும்.

திரும்பும்போது காற்று எதிரே. மதியத்துக்கு மேல் கடல் காற்று கிளம்பிவிட்டால் பாண்டி நோக்கி வருகிற எவருக்கும் இந்தத் தண்டனை உண்டு. அந்த நேரம் பார்த்து, பைக்கில் இரண்டு பையன்கள் பக்கத்திலேயே வந்து செல்போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்கள். "ஆன்ட்டி, ஸ்பீடு ஸ்பீடு" என்று சத்தம் வேறு. தனியாகப் போகிற பெண்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்: பதில் பேசாதீர்கள், வேகம் கூட்டாதீர்கள், ஆள் இருக்கிற முதல் கடையில் நிறுத்துங்கள். நான் டீக்கடையில் ஏறியதும் மாஸ்டர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, "யார் வூட்டுப் பசங்கடா நீங்க?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பைக் போன இடம் தெரியவில்லை. ஊர்ப்பக்கம் இந்தக் கேள்விக்கு இருக்கிற பலம் டவுனில் இல்லை.

அப்புறம் வேலிக்காத்தான் முள். பின் டயர் உட்கார்ந்துவிட்டது. மாற்று டியூப் கையில் இருந்தது, ஆனால் நூறடியில் ஓலைக் கொட்டாய் போட்ட சைக்கிள் கடை தெரிந்ததால் அங்கேயே உருட்டிக்கொண்டு போனேன். பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். என் டியூபின் வால்வு மெல்லிசு, பிரெஸ்டா வகை. அவர் பம்பு பொருந்தவில்லை. "இதுல காத்து எப்பிடிமா நிக்கும்?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் கைப்பம்பைக் கொடுத்தேன். டியூபை இரும்புச் சட்டித் தண்ணீரில் அங்குலம் அங்குலமாக முக்கி, குமிழி வந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டார். நாமென்றால் அத்தோடு ஒட்டிவிட்டுக் கிளம்புவோம். அவர் டயரின் உள்பக்கம் பழைய துணியைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். ஓரிடத்தில் நூல் மாட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத முள் நுனி. நகத்தால் நெம்பி எடுத்து என் கையில் போட்டார்.

எங்கிருந்து வருகிறேன் என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். கொஞ்சம் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்க வேண்டாம். "நாங்க கேரியர்ல மல்லாட்டை மூட்டையக் கட்டினு பாண்டிக்குப் போய், வித்துட்டு, ராவோட ராவா திரும்புவோம். கியரு ஏது அப்ப" என்று சொல்லிவிட்டு டயரை மாட்டத் தொடங்கினார். இருபது ரூபாய் கேட்டார். ஐம்பது கொடுத்தேன், சில்லறை எண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் சொல்ல ஒன்றுமில்லை. எதிர்க்காற்று, முதுகுவலி, சேதராப்பட்டில் அதே நாய்கள். கோரிமேட்டில் இறங்கும்போது விளக்கு போட்டிருந்தார்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். செஞ்சிப் பக்கம் பிறக்கிற சங்கராபரணி ஆறு வீடூர் அணை, திருவக்கரை, வில்லியனூர் என்று பாண்டி வரைக்கும் வருகிறது. இந்த வழியும் கிட்டத்தட்ட அதையொட்டித்தான். மழைக்காலத்தில் தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடினால் இறங்காதீர்கள், உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்டுவிட்டுச் சுற்று வழியில் போங்கள்.

மார்கழிக்குள் கடலூர்ப் பக்கம் போக ஆசை. கேப்பர் மலை ஏறி, திருவந்திபுரத்தில் கெடிலம் ஆற்றைப் பார்த்துவிட்டு, பண்ருட்டி முந்திரிக்காடு வழியாக ஒரு சுற்று. போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்: உள்ரோடு தார் போட்டதா, மண்ணா? நாய்கள் எப்படி?