விட்ட கதையைத் திரும்ப எடுக்க வைத்தவர் யார்?

கோத்தகிரி உறுப்பினர்:

எனக்கு அது ஒரு பாட்டி.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க எடைச் சீட்டும் பட்டுவாடாவும்தான். வீட்டுக்கு வந்தால் மாமியாருக்கு மருந்து, பையனுக்கு வீட்டுப்பாடம். எனக்கென்று கிடைப்பது இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அதுவும் போச்சு. எங்காவது மரம் சாயும், கரண்ட் போய்விடும்.

இப்படி ஐந்து மாதம் உட்கார்ந்து ஒரு கதை எழுதினேன். சிலோனோடு, அதாவது இலங்கையோடு, போட்ட 1964 ஒப்பந்தத்தில் அங்கிருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது இல்லையா, அப்படிச் சிலோனிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் கதை. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. என்னோடு பஸ்ஸில் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் குடும்பங்கள்தான்.

பத்திரிகைக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: கதையில் உயிர் இல்லை. சோறு வடிக்கும்போதுகூட அந்த வரிதான் மனசில் ஓடும். நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். எட்டு மாதம் தொடவில்லை.

ஒருநாள் பஸ்ஸில் அந்தப் பாட்டி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "புள்ள, அந்தக் கத என்னாச்சு? அந்தப் பொம்பள கப்பல் ஏறுனாளா இல்லையா?" என்றார். எப்போதோ பாதிக் கதையை அவரிடம் சொல்லியிருக்கிறேன், எனக்கே மறந்துபோனது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எட்டு மாதமாக அந்தப் பெண்ணைத் தலைமன்னார் துறையிலேயே நிற்க வைத்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்தில் நிறுத்தச் சொன்னார். "காலையில் வருகைப் பதிவு எடுத்தார்கள்" என்று எழுதியிருந்தேன். "அதென்ன வருகைப் பதிவு? பெரட்டுன்னு எழுது" என்றார். இடுப்பில் சாக்கு கட்டினாள் என்றால், "சாக்கு இல்ல, படங்கு." கொழுந்து குறைந்ததால் சம்பளத்தைக் குறைத்தார்கள் என்று வாசித்தபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "அரைப் பேர் போட்டாங்கன்னு எழுது புள்ள. அந்தச் சொல்லக் கேட்டாத்தான் எனக்கு இன்னிக்கும் வயிறு எரியும்."

அந்தச் சொற்களெல்லாம் எனக்கும் தெரிந்தவைதான். வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது என்று நானே எடுத்திருந்தேன். பத்திரிகைக்காரர் சொன்னதும் அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நான் எதைத் திருத்தியிருக்க முடியும்? பாட்டி இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

இப்போது வாரம் இரண்டு பக்கம். ஞாயிற்றுக்கிழமை போய் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் "அப்புறம்?" என்பார். சோர்ந்து வந்து விழுகிற இரவிலும் அந்த "அப்புறம்?" என்னை எழுப்பி உட்கார வைக்கிறது. கதை இன்னும் எங்கும் அச்சாகவில்லை. நீங்களும் உங்கள் கதையைக் கேட்க ஓர் ஆளைத் தேடிப் பிடியுங்கள். படித்தவராக இருக்க வேண்டும் என்றில்லை.

ஊட்டி உறுப்பினர்:

அக்கா, எனக்கு அப்படி ஆள் யாரும் அமையவில்லை. மேட்டுப்பாளையம் மண்டிதான் என்னை எழுத வைத்தது. கேத்தியிலிருந்து கேரட் லோடு ஏற்றிக்கொண்டு இறங்குவேன். இறக்க வரிசையில் நின்றால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகிவிடும். கேபின் விளக்கில் கவிதை எழுதுவேன், எல்லாம் போனில்தான். போன வருடம் கேரட் கழுவுகிற இடத்தில் போன் தண்ணீரில் விழுந்தது. நாற்பது கவிதைகள் போய்விட்டன. சொன்னால் என்ன, அழுதேன்.

ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்ததில் பதினொன்று திரும்பி வந்தன. மறந்தவை நல்ல கவிதைகளாக இருந்திருக்காது என்று நண்பர் சமாதானம் சொன்னார். நான் ஏற்கவில்லை. அதில் இரண்டு உண்மையிலேயே நன்றாக இருந்தன, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்தப் பதினொன்றும் இல்லையென்றால் விட்டிருப்பேன். இப்போது நோட்டில் எழுதி, மண்டியை விட்டுக் கிளம்பும் முன்பே படம் எடுத்து எனக்கே மின்னஞ்சல் அனுப்பிவிடுகிறேன்.

கூடலூர் உறுப்பினர்:

ஆடி மழையில் இங்கே நோட்டெல்லாம் பூஞ்சை பிடித்துவிடும், பேனா மை பரவும். பென்சிலில்தான் எழுதுகிறேன், அதைச் சொல்லலாம் என்று வந்தேன். வந்த இடத்தில் 'பெரட்டு' என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். என் அம்மாவும் அந்தக் கப்பலில் வந்தவர். எங்கள் வீட்டுச் சொல் அது. பள்ளிக்கூடத்தில் சிரிப்பார்கள் என்று வெளியே சொல்லாமல் வளர்ந்தேன், இன்றுவரை ஒரு கதையிலும் எழுதியதில்லை. கதை இப்போது எதுவரை வந்திருக்கிறது?

கோத்தகிரி உறுப்பினர்:

ராமேஸ்வரத்தில் இறக்கிவிட்டேன். அடுத்தது, வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது பாட்டி சொல்லி அனுப்பினார்: "முகாம்ல பச்சப்புள்ளைக்குக் காய்ச்சல் வந்தத எழுதாம விட்டுராத."