எட்டு நாளில் விளையும் நெல்

குழு: வலங்கைமான் பெரிய வீடு

காலை 6:41
லலிதா: (படம்: ரோஜாப்பூவும் குத்துவிளக்கும், இனிய காலை வணக்கம்)

காலை 7:05
கவிதா: திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மூன்று மாவட்டத்துக்கும் பள்ளி விடுமுறை. தஞ்சாவூருக்கு இன்னும் சொல்லவில்லை.

அருண்: கல்லூரிக்கு மட்டும் மழை பெய்யாது போல.

பாலு: உங்களுக்கு என்னப்பா, விடுமுறை. இங்கே வடிகால் வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு தண்ணீர் போகவே இல்லை.

கவிதா: பயிர் எப்படி இருக்கிறது சித்தப்பா?

பாலு: தூர் கட்டுகிற சமயம். ஒரு நாள் இரண்டு நாள் நின்றால் தாங்கும். மத்தியானம் ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், வெட்டிவிட வேண்டும்.

காலை 8:20
ஹரிணி: அம்மா, வீட்டுப்பாடம் நேற்றே முடிந்துவிட்டது. இன்றைக்கு விளையாடலாமா? எல்லோருக்கும் தெரியட்டும் என்று இங்கே கேட்கிறேன்.

கவிதா: அடுத்த அறையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறாள்.

முரளி: சாட்சிக்கு ஆள் சேர்க்கிறாள். விட்டுவிடு கவிதா. என்ன விளையாட்டு ஹரிணி?

ஹரிணி: ஸ்டார்டியூ வேலி பெரியப்பா. டவுன் வேலையை விட்டுவிட்டு தாத்தாவின் நிலத்துக்கு வந்து விவசாயம் செய்ய வேண்டும். கல்லும் கட்டையும் அகற்றி, மண்ணைக் கொத்தி, விதைத்து, தண்ணீர் ஊற்றி, விற்க வேண்டும்.

அருண்: 2016-ல் வந்தது. எரிக் பரோன் என்று ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து செய்தது. படம், இசை, வசனம் எல்லாமே அவர்தான்.

பாலு: டவுனை விட்டு நிலத்துக்கு வருகிறானா? நம் வீட்டில் எல்லாம் தலைகீழ்.

பாலு: நெல் உண்டா அதில்?

ஹரிணி: உண்டு தாத்தா. வசந்த காலத்தில் நாற்று வாங்கி நட்டால் எட்டு நாளில் அறுக்கலாம். குளத்தை ஒட்டி நட்டால் தண்ணீரே ஊற்ற வேண்டாம், ஆறு நாள் போதும்.

பாலு: எந்த ரகம்மா அது? எனக்கு ஒரு மூட்டை விதை அனுப்பி வை. இங்கே சி.ஆர். 1009 போட்டுவிட்டு ஐந்து மாதம் உட்கார்ந்திருக்கிறோம்.

ஹரிணி: 😂 பணமும் மறுநாளே வந்துவிடும். வீட்டு வாசலில் ஒரு மரப்பெட்டி. அறுத்ததை அதில் போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் காசு.

பாலு: நெல் கொள்முதல் நிலையம் மாதிரி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி விட மாட்டார்களா?

ஹரிணி: இல்லை தாத்தா.

பாலு: சாக்கு இல்லை, நாளைக்கு வா?

ஹரிணி: அதெல்லாம் கிடையாது.

பாலு: தார்ப்பாய்?

ஹரிணி: பெட்டிக்கு மூடி இருக்கிறது.

முரளி: மாமா, இப்போதைய விளையாட்டுகளில் மந்திரம், பூதம், பறக்கும் குதிரை எல்லாம் வரும். அவற்றில் எதையும் விட இந்த மரப்பெட்டிதான் பெரிய கற்பனை.

காலை 8:52
அருண்: அப்பா, உங்களுக்குச் சரிப்பட்டு வருவது வேறு ஒன்று. சகுனா என்று ஜப்பான்காரர்கள் செய்தது, 2020. அறுவடைத் தேவதையைப் பூதங்கள் உள்ள தீவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பகலில் காட்டில் போய்ச் சண்டை போட வேண்டும், வீட்டுக்கு வந்தால் வயல் வேலை. நெல் நன்றாக விளைந்தால்தான் அவளுக்குப் பலம் கூடும். சண்டை சுமார்தான், பத்து விளையாட்டில் பார்த்த அதே வெட்டும் குத்தும். வயல் வேலைதான் அசல். உழுது, விதை பிரித்து, நாற்று விட்டு, ஒவ்வொரு குத்தாகக் கையால் நட வேண்டும். தேவதை பின்னால் நகர்ந்துகொண்டே நடுகிறாள். அறுத்ததைக் கொம்பில் தொங்கவிட்டுக் காயவைத்து, அடித்து, உரலில் குத்த வேண்டும். கைக்குத்தலாக நிறுத்துவதா, வெள்ளையாகத் தீட்டுவதா என்று அதையும் நாமே முடிவு செய்யலாம்.

பாலு: விதை பிரிப்பது என்றால்?

அருண்: உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுத்துவிட வேண்டும்.

பாலு: அட! பதர் மிதக்கும், மணி உள்ளது அடியில் நிற்கும். உப்பு போதுமா என்று பார்க்க ஒரு முட்டையைப் போடுவோம். அது மேலே வந்து கொஞ்சமாகத் தலை காட்டினால் சரி. அதுவும் இருக்கிறதா?

அருண்: முட்டை இல்லை.

பாலு: அப்போது அரைகுறைதான்.

அருண்: வந்த புதிதில் ஜப்பானில் பலருக்கு விளைச்சலே எடுக்கத் தெரியவில்லை. அவர்கள் நாட்டு வேளாண் அமைச்சகத்தின் இணையதளத்தைத் திறந்து படித்து விளையாடினார்கள். அதுவே அங்கே பெரிய பேச்சாகிவிட்டது.

பாலு: உனக்கு அந்தச் சிரமம் எதற்கு? வீட்டிலேயே ஒரு ஆள் இருக்கிறேனே.

அருண்: அதற்குத்தான் வருகிறேன். எனக்கு நெல் எடை வருகிறது, தரம் வரவில்லை. தண்ணீரைக் குறைக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பாலு: (குரல் செய்தி, 2:14)

கவிதா: வகுப்பு எடுக்கும் நான்கூட இவ்வளவு நேரம் பேச மாட்டேன். என்ன சொல்கிறார்?

அருண்: சுருக்கமாக: நட்டவுடன் வேர் பிடிக்கும் வரை சிலுசிலுவென்று தண்ணீர் போதும். அப்புறம் காய்ச்சலும் பாய்ச்சலும். மண் மயிர்க்கோடாக வெடிக்கும் வரை காயவிட்டு மறுபடி பாய்ச்ச வேண்டும். கதிர் வரும் சமயம் மட்டும் காயவிடக் கூடாது. கடைசி ஒரு நிமிஷம் என் முடியைப் பற்றி.

பாலு: வெட்டிக்கொண்டு வா என்றுதான் சொன்னேன்.

அருண்: இன்னொன்று அப்பா, களைக்கும் பூச்சிக்கும் வாத்தை வயலில் விடலாம் அதில்.

பாலு: நம் பக்கம் அறுப்பு முடிந்த பிறகுதான் வாத்துக்காரர்கள் மேய்க்க வருவார்கள். பயிர் நிற்கும்போதே விடுகிறார்கள் என்று நானும் படித்திருக்கிறேன். சரி, ஆள் வந்துவிட்டார்கள். வாய்க்காலுக்குப் போகிறேன்.

காலை 10:30
முரளி: இவ்வளவு நுணுக்கமாக இருக்கிறது என்றாலும் எனக்கு ஒரு குறை உண்டு. நாங்கள் டிவி கேம் விளையாடிய காலத்தில் கையில் இருந்தது ஒரே கேசட். மேலே 9999 இன் 1 என்று போட்டிருக்கும். இறங்கிப் பார்த்தால் பத்துப் பதினைந்து விளையாட்டுதான், அதே காண்ட்ரா வேறு வேறு பெயரில் திரும்பித் திரும்பி வரும். ஆனால் அந்தப் பத்தையும் கரைத்துக் குடித்திருந்தோம். இப்போது தள்ளுபடி வரும்போதெல்லாம் வாங்கிப் போடுகிறேன். முக்கால்வாசியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஹரிணி: காண்ட்ரா என்றால் மேல் மேல் கீழ் கீழ் தானே?

முரளி: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. இந்த வரிசையில் பொத்தானை அழுத்தினால் மூன்று உயிர் முப்பதாகிவிடும். அதைக் கண்டுபிடித்தவர் கசுஹிசா ஹாஷிமோட்டோ. 1986-ல் கிரேடியஸ் விளையாட்டைச் சோதித்துப் பார்க்கத் தனக்கே கஷ்டமாக இருந்ததால் இப்படி ஒரு குறுக்குவழி வைத்தார். அதை எடுக்காமலே விற்பனைக்கு வந்துவிட்டது. கும்பகோணத்துத் தெருப் பையன்களுக்கு இதை யார் சொன்னார்கள் என்றுதான் புரியவில்லை. அப்போது இணையம் ஏது?

அருண்: அத்தான், கோபப்பட வேண்டாம். போன விடுமுறையில் முதல் மாரியோவை விளையாடிப் பார்த்தேன். ஓடிவிட்டு நிறுத்தினால் வழுக்குகிறது. இடது பக்கம் திரும்பிப் போனால் திரை வரவே இல்லை, சுவர் மாதிரி நிற்கிறது. பாதியில் சேமிக்க முடியாது. செத்தால் முதலிலிருந்து.

முரளி: வழுக்குவதுதான் மாப்பிள்ளை விளையாட்டே. எவ்வளவு தூரம் வழுக்கும் என்று கால் பழகிவிட்டால் அப்புறம் அது ஓட்டம் இல்லை, நடனம். மொத்தமும் எவ்வளவு இடத்தில் அடங்கியது தெரியுமா? 40 கிலோபைட். 1985. இடம் போதாமல், வானத்து மேகத்தையும் தரையில் இருக்கும் புதரையும் ஒரே படமாக வைத்து நிறத்தை மட்டும் மாற்றினார்கள். அம்மா காலையில் அனுப்பிய ரோஜாப்பூ அதைவிடப் பெரிது.

லலிதா: என் பூவை ஏன்டா இழுக்கிறாய்?

கவிதா: அத்தை, உங்கள் ஒரு பூவில் இரண்டு மூன்று மாரியோ அடங்கும் என்கிறார். பெருமைப்படுங்கள்.

அருண்: சரி, கஷ்டம் என்றால் எல்டன் ரிங்கும் கஷ்டம்தானே? 2022. திறந்தவெளிக்கு வந்ததும் தங்கக் கவசம் போட்ட குதிரைக்காரன் நிற்பான். ஒரே அடி, காலி. விடுதியில் எங்கள் அறையில் அவனுக்கு எமன் என்று பெயர்.

முரளி: அவனைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போகலாம் அல்லவா? பலம் சேர்த்துக்கொண்டு வந்து கணக்குத் தீர்க்கலாம். காண்ட்ராவில் வேறு பக்கமே இல்லை. திரை நகர்கிற திசைதான் உன் திசை. எல்டன் ரிங் எனக்கும் பிடிக்கும். ஆனால் அதன் கஷ்டத்தில் ஒரு பெருந்தன்மை இருக்கிறது. பழையவற்றில் அது கிடையாது, நம் காசையும் நேரத்தையும் விழுங்கத்தான் பார்க்கும்.

அருண்: அப்படியென்றால் புதியது நல்லது என்கிறீர்கள்.

முரளி: பெருந்தன்மை நல்லது என்றேன். எல்லாப் புதியதிலும் அது இருக்கிறதா? நீ போனில் விளையாடும் அந்தத் துப்பாக்கிச் சண்டை பிஜிஎம்ஐ-யில் உள்ளே நுழைவதற்குள் பதினெட்டு விளம்பரம், சட்டை வாங்கு, துப்பாக்கிக்குப் பெயிண்ட் வாங்கு. புது வண்டிக்கு ஆசை காட்டுகிற ஷோரூம் அது, நடுவில் கொஞ்சம் விளையாட்டு.

அருண்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கவிதா: அருண், படித்துவிட்டேன்.

பகல் 12:15
கவிதா: ராஜேந்திர சோழன் இருக்கும் விளையாட்டு எது? ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் கடாரம் படையெடுப்பை அப்படியே ஒப்பித்தான். புத்தகத்தில் படித்தாயா என்றால் இல்லை டீச்சர், கேமில் என்கிறான்.

அருண்: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 அக்கா. 1999-ல் வந்தது, இன்னும் புதிது புதிதாகச் சேர்க்கிறார்கள். 2022-ல் திராவிடர் என்று ஒரு நாகரிகம் வந்தது, அதோடு ராஜேந்திரன் கதையும். உருமி வாள் வீரன், திரிசடை என்று கப்பல். காலாட்படையும் கடலும் பலம், குதிரை சுமார்.

முரளி: பிரவுசிங் சென்டரில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடியபோது இந்தியாவே கிடையாது அதில். நான் ஜப்பான்காரனாக இருந்து பாரசீகத்தோடு சண்டை போட்டேன். திராவிடர் வந்த அன்று அந்த வயதுக்கு ஒரு நிமிஷம் போய் வந்தேன்.

அருண்: 2025-ல் வந்த சிவிலைசேஷன் 7-ல் சோழரே தனி நாகரிகம். பெரிய கோயிலையும் கட்டலாம்.

லலிதா: தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டித்தானே போகிறாய். உள்ளே போய்க் கும்பிட்டாயா?

அருண்: 🙏

பகல் 1:40
லலிதா: கவிதா, அன்றைக்கு உன் வீட்டில் இட்லி வார்த்தாயே கம்ப்யூட்டரில், அது என்ன?

கவிதா: வெண்பா, அத்தை. கனடாவில் டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது, 2023. 1988-ல் கனடா போன தமிழ்க் குடும்பம். அம்மாவின் சமையல் நோட்டு கிழிந்தும் கறை பிடித்தும் இருக்கும், விட்டுப்போனதை நாம் யோசித்துச் சமைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மறு வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விழாவில் அறிமுக விளையாட்டுக்கான விருதும் வாங்கியது.

லலிதா: இட்லித் தட்டை அடுக்குவதைப் புதிர் என்கிறாயே, அதுதான் எனக்குப் புரியவில்லை. குழிக்கு நேர் மேலே குழி வராமல் மாற்றி வைத்தால் ஆவி ஏறும். இதற்கு விருதா?

முரளி: அம்மா, உங்களுக்கு அது புதிர் இல்லை. என் பெண்ணிடம் தட்டைக் கொடுத்துப் பாருங்கள்.

லலிதா: அது சரி. அந்தக் கனடாக் குடும்பத்துப் பையன், அம்மா தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிறான். கனடா வரைக்கும் போக வேண்டாம், உன் பிள்ளைகள் வேளச்சேரியிலேயே அப்படித்தான்.

முரளி: 🙈

கவிதா: விளையாட்டு என்று சொல்ல முடியுமா என்று அருண் கேட்டான். தோற்க வழியில்லை, உயிர் இல்லை, எண்ணிக்கை இல்லை. எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் மாற்றி மாற்றிப் போடும் இடத்தில் கை தானாக வேகம் எடுத்தது. வேறு எந்த விளையாட்டிலும் எனக்கு அப்படி நடந்ததில்லை. கேண்டி க்ரஷ்ஷில் விரல் மட்டும்தான் ஓடுகிறது.

மாலை 5:10
பாலு: அடைப்பு எடுத்தாயிற்று. தண்ணீர் இறங்குகிறது. அருண், உன் வயல் என்ன ஆயிற்று?

அருண்: நடுவில் காயவிட்டேன் அப்பா. போன தடவையைவிடச் சுவையும் பளபளப்பும் ஏறியிருக்கிறது.

பாலு: நட்ட இடைவெளியைக் காட்டு.

அருண்: (படம்)

பாலு: இவ்வளவு நெருக்கமாகவா? கோழி நுழையாது. அடுத்த பட்டத்துக்கு ஒரு முழம் விட்டு நடு.

அருண்: முழமா!

பாலு: சரி, ஒரு சாண்.

முரளி: நாளை மறுநாள் உழவன் ரயிலில் வருகிறேன். அம்மா, பரண் மேல் இருந்த டப்பா டிவியைக் காயலான் கடைக்குப் போடவில்லையே?

லலிதா: அதன் மேல்தான் கொலுப் பலகை அடுக்கியிருக்கிறேன். எதற்கு?

முரளி: டக் ஹன்ட் என்று வாத்து சுடுகிற பழைய விளையாட்டின் துப்பாக்கி கிடைத்திருக்கிறது. எல்இடி டிவியில் அது வேலை செய்யாது. அந்தத் துப்பாக்கி ஒளியை வீசாது, வாங்கும். விசையை அழுத்தினால் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தெரியும். குழலின் கண்ணில் அந்த வெளிச்சம் பட்டால் வாத்து விழும். புது டிவியில் படம் கொஞ்சம் தாமதமாக வருவதால் கணக்குத் தப்பிவிடும்.

ஹரிணி: நானும் வருகிறேன் பெரியப்பா!

முரளி: வா. இன்னொரு ஜாய்ஸ்டிக்கில் ஒருவர் வாத்தை அங்கும் இங்கும் திருப்பலாம். பலருக்குத் தெரியாது.

பாலு: அப்படியென்றால் நானும் வருகிறேன். நீங்கள் சுடுங்கள், வாத்தை நான் ஓட்டுகிறேன்.