5.1 ஃப்ளாக் கோப்பு: பாடகரின் குரல் ஏன் வலப்பக்க ஸ்பீக்கரில் கேட்கிறது?

செவிச்செல்வம்:

நண்பர்களுக்கு வணக்கம். படம் பார்ப்பதற்காக வாங்கிய 5.1 ஸ்பீக்கர் செட்டில் (ஐந்து ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிக்கென ஒரு சப்வூஃபர்) இப்போது பெரும்பாலும் இசைத்தொகுப்புகளையே கேட்டு வருகிறேன். போர்க்குபைன் ட்ரீ என்ற ராக் குழுவின் ‘இன் அப்சென்ஷியா’வைச் சரவுண்டில் கேட்ட அன்று தொற்றிக்கொண்ட பழக்கம் இது. சென்ற மாதம், எந்த நிறுவனத்தையும் சாராமல் தம் தொகுப்புகளைத் தாமே விற்கும் ஓர் ஐரோப்பியக் கலைஞரிடமிருந்து 5.1 ஃப்ளாக் கோப்புகளை (தரம் குறையாமல் சுருக்கிய ஒலிக்கோப்புகள்) பணம் கட்டி இறக்கிக்கொண்டேன்.

போட்டுக் கேட்டால் ஒன்றும் சரியாக இல்லை. பாடகரின் குரல் நடுவிலிருந்து வராமல் வலப்பக்க ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. நடு ஸ்பீக்கரில் கிட்டார் மட்டும் கேட்கிறது. பின்வலது ஸ்பீக்கரோ பாட்டு முழுவதும் ‘தும், தும்’ என்று இடித்துக்கொண்டிருக்கிறதே தவிர, அதில் வேறு எதுவும் இல்லை. இதே ரிசீவரில் ப்ளூரே படங்கள் ஒழுங்காக ஓடுகின்றன. கோளாறு என் பக்கமா, கோப்பிலா? இன்னொரு சந்தேகமும் உண்டு. வீட்டு அறையில் பதிவு செய்யும் தனிக்கலைஞர்கள் தரும் சரவுண்ட் மிக்ஸ்கள் உண்மையிலேயே ஆறு சேனல்களுக்காகச் செய்யப்பட்டவையா, அல்லது ஸ்டீரியோவையே இழுத்துப் பரப்பி விற்கிறார்களா?

மிக்ஸிங்மேசை:

உங்கள் ரிசீவரில் குறை இல்லை. நீங்கள் சொல்லும் அறிகுறிகளே நோயைக் காட்டிக்கொடுத்துவிட்டன. ஃப்ளாக் கோப்பில் ஆறு சேனல்களும் முன் இடது, முன் வலது, நடு, சப்வூஃபர், பின் இடது, பின் வலது என்ற வரிசையில் இருக்க வேண்டும். திரைப்பட ஒலிக்கலவையின் வழக்கத்தைப் பின்பற்றும் சில மென்பொருள்களோ இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, சப்வூஃபர் என்று அடுக்குகின்றன. உங்கள் கலைஞர் அந்த வரிசையிலேயே ஏற்றுமதி செய்த கோப்பை அப்படியே ஃப்ளாக்காக மாற்றியிருக்கிறார். அதனால்தான் நடுவின் குரல் வலதுக்கும், சப்வூஃபரின் இடி பின்வலதுக்கும் போயின. பின் இடதுக்கு உரியது உங்கள் சப்வூஃபருக்குப் போய், 120 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதெல்லாம் அங்கே வடிகட்டப்பட்டுவிடுவதால், அதில் இருந்த வாத்தியத்தை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் கோப்பைத் திறந்து, இப்போதுள்ள சேனல்களை 1, 3, 2, 6, 4, 5 என்ற வரிசையில் மாற்றி ஏற்றுமதி செய்யுங்கள். கலைஞருக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அவருடைய மென்பொருளில் அது சரியாகவே கேட்டிருக்கும் என்பதால் அவர் கவனத்துக்கு வந்திருக்க வாய்ப்பில்லை.

சரிசெய்த பிறகும் சப்வூஃபர் அதிர்ந்தால் வியப்படைய வேண்டாம். 5.1 முறையில் சப்வூஃபருக்கான தனிச் சேனல் (எல்.எஃப்.இ.), மற்றச் சேனல்களைவிட 10 டெசிபல் கூட்டி ஒலிக்க வேண்டும் என்பது விதி. வீட்டு ஸ்டுடியோவில் அந்தக் கூட்டலை அமைக்க மறந்தவர், சத்தம் போதவில்லையே என்று மிக்ஸிலேயே ஏற்றிவிடுவார். நம் ரிசீவர் அதன்மேல் இன்னொரு 10 டெசிபலைச் சேர்க்கும். ரிசீவர் அமைப்பில் எல்.எஃப்.இ. அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.

பழையதட்டு:

இரண்டாவது கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். 1970களின் நான்கு சேனல் இசைத்தட்டுகள் எஸ்.க்யூ., க்யூ.எஸ்., சி.டி.4 என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத முறைகளில் வந்து, வாங்குபவரைக் குழப்பியே படுத்துவிட்டன. அந்தக் காலத்தில் சரவுண்ட் மிக்ஸ் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியான வேலை. நீங்கள் குறிப்பிட்ட ‘இன் அப்சென்ஷியா’வின் சரவுண்ட் மிக்ஸைச் செய்தவர்கூட எலியட் ஷைனர் என்ற அமெரிக்கப் பொறியாளர்தான். ஆனால் அந்தக் குழுவின் ஸ்டீவன் வில்சன் அந்த வேலையைத் தாமே கற்றுக்கொண்டு, 2007இல் வெளிவந்த ‘ஃபியர் ஆஃப் எ பிளாங்க் பிளானெட்’டைத் தம் கையாலேயே மிக்ஸ் செய்தார், அது கிராமி பரிந்துரை வரை போயிற்று. ஆறு ஸ்பீக்கர்களும் ஒரு கணினியும் கொண்ட வீட்டு அறை போதும் என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

அறையைவிட முக்கியமானது மல்டிட்ராக், அதாவது வாத்தியங்களும் குரல்களும் தனித்தனி டிராக்குகளாக உள்ள மூலப்பதிவு, யார் கையில் இருக்கிறது என்பது. கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் தம் சொந்த நிறுவனமான டி.ஜி.எம். மூலம் அக்குழுவின் தொகுப்புகளை வெளியிடுகிறார். 1969ஆம் ஆண்டின் முதல் தொகுப்பை 2009இல் வில்சன் 5.1இல் மிக்ஸ் செய்தபோது, எட்டு டிராக்கில் இடம் போதாமல் அன்று ஒன்றாகச் சேர்த்து அடைக்கப்பட்ட வாத்தியங்களை, சேர்ப்பதற்கு முந்தைய நாடாக்களிலிருந்து தனித்தனியாக மீட்டெடுத்துப் பயன்படுத்தினார்கள். தம் பதிவு தம்மிடமே இருக்கும் தனிக்கலைஞருக்கு இந்தத் தேடலே தேவையில்லை. நேற்றுப் பதிந்த ஒவ்வொரு டிராக்கும் அவருடைய கணினியில் கிடக்கிறது. தி பைனாப்பிள் தீஃப் குழுவின் புரூஸ் சூர்ட் தம் குழுவின் தொகுப்புகளைத் தாமே 5.1இல் மிக்ஸ் செய்வதைக் கேட்டுப் பாருங்கள். பின்னணிக் குரல்கள் முதுகுக்குப் பின்னால் எழும்போது, எழுதியவரே வைத்த இடம் அது என்பது புரியும்.

போலியைக் கண்டுபிடிக்க நான் செய்யும் சோதனை எளியது. முன் ஸ்பீக்கர்கள் மூன்றின் கம்பிகளையும் கழற்றிவிட்டு, பின்னால் உள்ள இரண்டை மட்டும் கேளுங்கள். முழுப் பாட்டும் மெலிந்து, குடத்துக்குள் பாடுவதுபோல் கேட்டால் அது பெரும்பாலும் இழுத்துப் பரப்பப்பட்ட ஸ்டீரியோ; தனி வாத்தியமோ தனிக் குரலோ தெளிவாக நின்றால் உண்மையான மிக்ஸ். இதற்கு ஒரு விலக்கு உண்டு. நார்வேயின் 2எல் நிறுவனத்தில் மார்ட்டன் லிண்ட்பெர்க் தேவாலயங்களில் கலைஞர்களை மைக்குகளைச் சுற்றி வட்டமாக நிறுத்திப் பதிவு செய்கிறார். 2020இல் கிராமி பெற்ற ‘லுக்ஸ்’ அப்படிப்பட்டதுதான். அத்தகைய பதிவுகளில் கட்டடத்தின் எதிரொலி எல்லாச் சேனல்களிலும் இருக்கும். அதைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது.

இரட்டைச்செவி:

மேலே உள்ளவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒரு கிட்டாரும் ஒரு குரலும் மட்டுமே உள்ள தொகுப்புக்கு ஆறு சேனல் எதற்கு? 2024 ஜனவரி முதல் ஆப்பிள் மியூசிக், டால்பி அட்மாஸில் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் சரவுண்ட் முறை) கிடைக்கும் பாடல்களுக்கு 10 சதவீதம் வரை கூடுதல் உரிமைத்தொகை தருவதாக அறிவித்ததிலிருந்து, தேவை இருக்கிறதோ இல்லையோ எல்லாவற்றையும் அட்மாஸ் ஆக்கும் ஆசை கூடியிருக்கிறது. அங்கே கேட்பவர்களில் பலர் ஹெட்போனில் கேட்பவர்கள். அவர்களுக்குச் சென்று சேர்வதும் தரம் இழக்கச் சுருக்கப்பட்ட, நொடிக்கு 768 கிலோபிட் ஓட்டம்தான். சிறு கலைஞர் அந்தச் செலவை ஸ்டீரியோ மிக்ஸை மெருகேற்றச் செலவிட்டால் நான் இன்னும் மகிழ்ச்சியாக வாங்குவேன்.

மிக்ஸிங்மேசை:

இரட்டைச்செவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. தனிக்கலைஞர்கள் அட்மாஸை விட்டு 5.1இலேயே நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ளாக் எட்டுச் சேனல்களுக்கு மேல் கொள்ளாது. அட்மாஸுக்கான 7.1.4 அமைப்புக்கு (சுற்றிலும் ஏழு, சப்வூஃபர் ஒன்று, மேலே நான்கு) பன்னிரண்டு சேனல் வேண்டும் என்பதால் அதை ஒரே ஃப்ளாக் கோப்பாக நேரடியாக விற்க வழியில்லை, 5.1ஐ விற்கலாம்.

செவிச்செல்வம்:

மூவருக்கும் நன்றி. சேனல் வரிசையை மாற்றியதும் குரல் நடுவுக்கு வந்துவிட்டது. மூன்றாவது பாட்டில் பின் இடப்பக்கம் ஓர் அக்கார்டியன் வாசிக்கிறது; அதன் துருத்தி விரியும் மூச்சுச் சத்தம்கூட என் தோளுக்குப் பின்னால் கேட்கிறது. ஒரு மாதமாக அப்படியொரு வாத்தியம் இருப்பதே எனக்குத் தெரியாது. பழையதட்டு சொன்னபடி கம்பிகளைக் கழற்றியும் பார்த்தேன். பின்னால் அக்கார்டியனும் இரண்டு பெண்குரல்களும் தெளிவாக நிற்கின்றன. கலைஞருக்கு எழுதினேன், மறுநாளே வருத்தம் தெரிவித்துத் திருத்திய கோப்புகளை ஏற்றிவிட்டார். சப்வூஃபர் மட்டும் புதிய கோப்பிலும் அதிர்கிறது. எல்.எஃப்.இ. அளவை 10 டெசிபல் இறக்கி வைத்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் அதையும் எழுத வேண்டும்.