வீட்டை விட்டுத் திசைகாட்டிக்குப் போன யாழ்ப்பாணம் ஏன் ஆறு மாதத்தில் திரும்பி வந்தது?

மருதடியான்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் மானிப்பாய், வேலை கொழும்பில். எனக்கு ஒரு குழப்பம், யாராவது தெளிவாகச் சொன்னால் நல்லது.

எங்கள் அம்மம்மாவுக்கு எண்பத்தொரு வயது. புள்ளடி என்றால் அவவுக்குத் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னம்தான். வாக்குச்சீட்டில் வேறு சின்னங்கள் இருப்பதை அவ கவனித்திருப்பா என்று நான் நினைக்கவில்லை. அப்படிப்பட்டவ 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் போய், ஜனாதிபதி அநுரவின் கட்சியான தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்டுவிட்டு வந்து, ஒன்றும் நடவாத மாதிரித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தா. மாமா கனடாவிலிருந்து தொலைபேசியில் அரை மணி நேரம் கத்தினார். அவ போனை மேசையில் வைத்துவிட்டு முருங்கையிலை உருவினா.

சரி, கிழவியும் மாறிவிட்டா என்று நினைத்தேன். 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. திரும்பவும் வீடு! ஏன் என்று கேட்டால் "அது அது, இது இது" என்பதற்கு மேல் பேச்சில்லை.

அவ மட்டும் என்றால் வயது என்று விட்டிருப்பேன். மாவட்டமே அப்படித்தான் ஆடியிருக்கிறது. 2024 செப்டம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அநுரவுக்கு யாழ் மாவட்டத்தில் கிடைத்தது 27,086 வாக்கு. 54 நாள் கழித்து அவருடைய கட்சிக்கு 80,830. ஆறில் மூன்று ஆசனம். அடுத்த ஆறு மாதத்தில் யாழ் மாநகர சபையில் அதே கட்சி மூன்றாம் இடம்.

கூட வேலை செய்கிற சிங்கள நண்பர்கள் நவம்பரில் "இனிப் பிரச்சினை முடிந்தது" என்று தோளில் தட்டினார்கள். மாமா "துரோகம்" என்றார். இரண்டு பேரும் எதையோ பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. என்ன நடந்தது?

---

தென்மராட்சிப் பெடியன்:

நான் போட்டது ஊசிக்கு. சுயேச்சைக் குழு 17. வெட்கமில்லாமல் சொல்கிறேன். என் வயதுப் பெடியளுக்கு அந்தத் தேர்தலில் ஒரே கேள்விதான்: பழைய ஆட்களில் யாரை வீட்டுக்கு அனுப்புவது? சிலர் திசைகாட்டியால் அனுப்பினார்கள், சிலர் ஊசியால். கொள்கை, சமஷ்டி எல்லாம் யாரும் யோசிக்கவில்லை. சாவகச்சேரி ஆஸ்பத்திரி விவகாரத்தை இரவிரவாகப் போனில் பார்த்தவர்கள் நாங்கள். அங்கே நடந்த குறைகளைப் பகிரங்கமாகச் சொன்ன வைத்தியர் அர்ச்சுனா ஊசியில் நின்றார், போட்டோம். அவ்வளவுதான்.

---

கணக்கு வாத்தியார் (நெல்லியடி):

தம்பி மருதடியான், அம்மம்மா சொன்னது சரியான விடை. செய்கை வழியைத்தான் அவ எழுதிக் காட்டவில்லை. நான் முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவன், செய்கை வழி இல்லாமல் புள்ளி போட மாட்டேன். எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கோ.

நவம்பர் 15 காலை, யாழ் மாவட்ட முடிவு முழுதாக வந்ததும் பேரனின் சதுரக்கோட்டுக் கொப்பியை எடுத்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்தேன். செல்லுபடியான வாக்கு 325,312. திசைகாட்டி 80,830, வீடு 63,327, சைக்கிள் (தமிழ்க் காங்கிரஸ்) 27,986, ஊசி 27,855, சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) 22,513, வீணை (டக்ளஸின் ஈ.பி.டி.பி.) 17,730. மற்ற எல்லோரும் ஐந்து வீதத்துக்குக் கீழே. எங்கள் முறையில் ஒரு மாவட்டத்தில் ஐந்து வீதம் எடுக்காத பட்டியல்களைக் கழித்துவிட்டுத்தான் ஆசனம் பிரிப்பார்கள். கழித்தால் மிஞ்சுவது 240,241. அதாவது 85,071 வாக்கு கணக்கிலேயே வரவில்லை. வென்ற கட்சி எடுத்ததை விட அது கூட! பென்சிலை வைத்துவிட்டுத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஆறு ஆசனத்தில் ஒன்று போனஸ், முதலாவது வந்தவருக்கு. மிச்சம் ஐந்தால் 240,241ஐப் பிரித்து, பின்னத்தை மேலுள்ள முழு எண்ணாக்கினால் ஓர் ஆசனத்தின் விலை 48,049. திசைகாட்டிக்கு முழுசாக ஒன்று, வீட்டுக்கு முழுசாக ஒன்று. வேறு யாருக்கும் அந்த விலை கட்டக் காசில்லை. இனி மூன்று ஆசனம் மீதி வாக்குக்குப் போகும். திசைகாட்டியின் மீதி 32,781, பிறகு சைக்கிள், பிறகு ஊசி. முடிந்தது. திசைகாட்டிக்கு மூன்று: போனஸ் ஒன்று, விலை கொடுத்து ஒன்று, மீதியில் ஒன்று. நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் குறைய எடுத்துப் பாதி ஆசனம். உங்கள் நண்பர்கள் தோளில் தட்டியபோது இந்தக் கணக்கைச் சொல்லியிருக்கலாம். நாலில் மூன்று பேர் திசைகாட்டிக்குப் போடவில்லை.

இப்போது அடுத்த பக்கத்தைப் புரட்டுங்கோ. சங்கில் நின்றவர்கள் யார்? பெரும்பாலும் 2023 ஜனவரி வரை வீட்டோடு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் இருந்தவர்கள்தானே. வீடு 63,327, சங்கு 22,513. கூட்டினால் 85,840. திசைகாட்டியை விட 5,010 கூட. சேர்ந்து நின்றிருந்தால் போனஸ் இந்தப் பக்கம் வந்திருக்கும். அப்படிப் பார்த்தால் அவர்களுக்கு மூன்று, திசைகாட்டிக்கு இரண்டு, சைக்கிளுக்கு ஒன்று. ஊசிக்கு ஒன்றுமில்லை (பெடியன், கோவிக்க வேண்டாம்). சேர்ந்து நின்றால் சனம் அப்படியே கூட்டிப் போட்டிருக்குமா என்பது வேறு கதை. வாக்கு என்பது நெல்மூட்டை இல்லை, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்க. ஆனாலும் ஐயாயிரம் வாக்கில் திரும்பிய தேர்தலை "யாழ்ப்பாணம் மனம் மாறியது" என்று எழுதியவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

அதற்காக வெறும் கணக்கு விளையாட்டு என்றும் சொல்ல மாட்டேன். 2015இல் இதே மாவட்டத்தில் வீட்டுக்கு 207,577 வாக்கு, ஏழில் ஐந்து ஆசனம். 2020இல் 112,967. 2024இல் 63,327. பாருங்கோ, 2015க்கும் 2020க்கும் இடையில் தொண்ணூறாயிரத்துக்கு மேல் போய்விட்டது. அப்போது அநுரவை இங்கே யாருக்குத் தெரியும்? 2020இல் நாடு முழுக்கவே அவர்களுக்கு மூன்று ஆசனம்தான். சுவர் முதலே வெடித்துவிட்டது. திசைகாட்டி வந்து தள்ளியபோது விழுந்தது.

ஏன் வெடித்தது என்றால், என் படலையில் நடந்ததைச் சொல்கிறேன். 2024 ஒக்டோபர் கடைசியில் ஒரு வேட்பாளர் வந்தார். பெயரும் சின்னமும் வேண்டாம். இருபது நிமிடம் பேசினார். அதில் பதினைந்து நிமிடம் தன் பட்டியலிலேயே நிற்கிற இன்னொருவர் எவ்வளவு மோசம் என்பது. விருப்பு வாக்கு முறை அப்படி, ஒரே பட்டியலில் நிற்பவர்கள்தான் ஒருவரை ஒருவர் தோற்கடிக்க வேண்டும். அவர் போனதும் கிணற்றடியில் நின்ற என் மனுசி கேட்டா: "இவர் ஆருக்கு எதிராக் கேக்கிறார்?" எனக்குப் பதில் வரவில்லை.

அதற்கு முந்தின மாதம் ஜனாதிபதித் தேர்தலில் தமிழரசுக் கட்சி தெற்கின் எதிர்க்கட்சித் தலைவர் சஜித்துக்குப் போடச் சொன்னது. கட்சிக்காரர்களே சிலர் சங்குக்கு வேலை செய்தார்கள். மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, சங்கில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 116,688. அந்த ஆண்டு ஜனவரியில் வாக்கெடுப்பு வைத்துத் தலைவரைத் தெரிந்தார்கள், கையோடு வழக்கும் வந்தது. ஜூன் 30 கட்சியின் மூத்த தலைவர் சம்பந்தர் ஐயா காலமானார். நவம்பரில் கட்சியின் முகமாக இருந்த சுமந்திரனே தோற்றார். 1994 முதல் பாராளுமன்றத்தில் இருந்த டக்ளஸும் தோற்றார். சனம் ஒரு கட்சியை மட்டும் தண்டிக்கவில்லை.

தெற்கின் பக்கமும் பார்க்கத்தான் வேண்டும். அங்கே ராஜபக்சக்களின் மொட்டு 145 ஆசனத்திலிருந்து 3க்கு இறங்கியது. அவ்வளவு பெரிய வெள்ளம் எங்கள் வாசலுக்கு மட்டும் வராமல் நின்றால்தான் அதிசயம். தேர்தலுக்கு இரண்டு கிழமைக்கு முன் வசாவிளான் பக்கம் 34 வருடமாக இராணுவ வலயத்துக்குள் மூடியிருந்த வீதியைத் திறந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மோட்டார் சைக்கிளில் போய் வந்து, வழியில் ஒன்றுமே பேசாமல் அழுதேன் என்றார். ஒன்றாக இருந்த வடக்கு, கிழக்கு மாகாணங்களைப் பிரிக்க 2006இல் வழக்குப் போட்டது அநுரவின் தாய்க்கட்சியான இதே ஜேவிபிதான் என்று நான் ஞாபகப்படுத்தினேன். "தெரியும் மாஸ்டர், ஆனால் வீதி திறந்தது" என்றார். அந்த நேரம் அதற்கு மேல் என்ன கதைக்க?

மே மாதம் ஏன் திரும்பியது? 2025 மார்ச் 28 அன்று வடக்கில் ஆறாயிரம் ஏக்கருக்குக் கிட்டக் காணி பற்றி ஒரு வர்த்தமானி வந்தது, உரிமை கோருகிறவர்கள் வந்து பதியாவிட்டால் அரச காணி என்று. காணி உறுதிப் பத்திரம் தொலைந்தவர்கள், உறுதிக்காரர் வெளிநாட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர் இங்கே! வீதி திறந்து கிடைத்த நல்ல பெயர் அதில் போய்விட்டது. பிறகு வாபஸ் வாங்கினார்கள், அதற்குள் தேர்தல் முடிந்துவிட்டது. இன்னொன்று, பிரதேச சபைக்குக் கேட்பவர் எங்கள் ஒழுங்கையில் இருப்பவர். குப்பை, மதகு, தெருவிளக்கு. அதற்கு அநுரவின் முகம் உதவாது.

---

மருதடியான்:

சேர், மிக்க நன்றி. 85,071 என்ற எண்ணை மாமாவுக்கு அனுப்பினேன். "அதில் எத்தனை பேர் என் நண்பர்களின் கட்சி" என்று கேட்டுவிட்டு அமைதியாகிவிட்டார். அவர் ஆதரித்த பட்டியலும் ஐந்து வீதத்துக்குக் கீழேதான்.

---

மட்டுநகர் வாசகன்:

யாழ்ப்பாணத்தாரே, கொஞ்சம் கிழக்கேயும் பாருங்கள். நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் திசைகாட்டி முதலாவது வராத ஒரே மாவட்டம் எங்கள் மட்டக்களப்பு. வீடு 96,975, ஐந்தில் மூன்று ஆசனம். திசைகாட்டி 55,498, ஓர் ஆசனம். அதே கட்சி, அதே சின்னம், அதே நாள்.

காரணம் எங்களுக்குப் பற்று அதிகம் என்பதல்ல. இங்கே ஓர் ஆசனம் நழுவினால் அது எந்தப் பக்கம் போகும் என்று கச்சான் விற்கிறவருக்கும் தெரியும். தமிழர், முஸ்லிம்கள், சின்னத் தொகையில் சிங்களவர் என்று கலந்த மாவட்டம். ஒவ்வொரு தேர்தலும் இங்கே எண்ணிக்கைத் தேர்தல்தான். யாழ்ப்பாணத்தில் யார் வென்றாலும் பெரும்பாலும் ஒரு தமிழர்தான் போவார். திசைகாட்டியில் போன மூவரும் தமிழர்தானே. அதனால் அங்கே கோபத்தைக் காட்ட வசதி இருக்கிறது. எங்களுக்கு அந்த வசதி குறைவு.

திருகோணமலையில் சங்கும் வீடும் ஒன்றாக நின்று ஓர் ஆசனத்தைக் காப்பாற்றின. அங்கும் அதே பயம்தான். வாத்தியார் ஐயாவின் கணக்கு அங்கே நடைமுறையில் நடந்திருக்கிறது.

---

குறியீட்டுப் பையன்:

அரசியல் எனக்குத் தெரியாது, மன்னிக்கவும். யாழ் மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்கு எத்தனை என்று தேடினேன்: 32,767. மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்த எண் தெரியும், கூட்டல், கழித்தல் குறியோடு பதினாறு பிட்டில் அடங்கும் அதிகபட்ச எண். ஒரு நிமிடம் யாரோ கணினியில் பிழை விட்டுவிட்டார்கள் என்று பயந்துவிட்டேன். 325,312உடன் கூட்டினால் அளிக்கப்பட்ட மொத்த வாக்கு 358,079 சரியாக வருகிறது. தற்செயல்தான்.

---

கணக்கு வாத்தியார் (நெல்லியடி):

பதினாறு பிட் எனக்குப் புதிது. ஆனால் அந்த 32,767ஐ நான் விட்டது பிழை. சைக்கிளுக்கும் ஊசிக்கும் ஆசனம் கிடைத்தது அதை விடக் குறைந்த வாக்கில்!

வாக்களிப்பு நிலையத்தில் பல தேர்தல் கடமை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எல்லாம் கோபத்தில் கெடுத்த வாக்கு இல்லை. அந்தத் தேர்தலில் யாழில் 44 பட்டியல், 396 வேட்பாளர். சீட்டு ஒரு பாய் நீளம். முதலில் ஒரு சின்னத்துக்குப் புள்ளடி, பிறகு கீழே அந்தப் பட்டியலின் இலக்கங்களில் மூன்று வரை விருப்பு. வயதான ஆட்கள் வீட்டுக்கும் ஒன்று, சங்குக்கும் ஒன்று என்று இரண்டு புள்ளடி போடுவார்கள். செப்டம்பரில் சங்குக்குப் போட்ட கை, எப்போதும் வீட்டுக்குப் போட்ட கை. கை என்ன செய்யும்? அவர்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். கட்சிக்காரர்களுக்குத்தான் அது விளங்கவில்லை.

---

மருதடியான்:

கடைசியாக ஒன்று. நேற்று ஊருக்கு வந்தேன். வடக்கு மாகாண சபைக்கு 2013இல் தேர்தல் நடந்ததோடு சரி, 2018இல் காலம் முடிந்தும் திரும்ப வைக்கவில்லையே, அந்தத் தேர்தல் வந்தால் எதற்குப் போடுவீர்கள் என்று அம்மம்மாவிடம் கேட்டேன்.

"முதல் வைக்கச் சொல்லு" என்றா. பிறகு, சீட்டில் இந்த முறையாவது வீட்டுக்குப் பக்கத்தில் சங்கு இருக்குமோ என்று கேட்டா. எதற்கு என்று கேட்டேன். போன தடவை இரண்டையும் தேடிக் களைத்துத்தான் கண்ணுக்கு முதல் தெரிந்த திசைகாட்டிக்குப் போட்டாவாம்.

சேர், இதை உங்கள் கொப்பியில் எந்தப் பக்கத்தில் எழுதுவீர்கள்?